வீசிங் எல்லாம் ஆஸ்துமாவா? எதை வச்சு உறுதி பண்ணுறது

பொருநைக்கரை (இழை தொடங்கியவர்)

வாரம் ஒரு தடவையாவது இதே கேள்வி வேற வேற தலைப்புல வந்துக்கிட்டே இருக்கு. "நெபுலைசர் வச்சதும் சரியாயிட்டு, அப்ப ஆஸ்துமாதானா?" "எக்ஸ்ரே நார்மல்னு வந்துட்டு, அப்ப ஆஸ்துமா இல்லைல்லா?" "ரத்தத்துல ஈஸ்னோபீலியான்னு எழுதியிருக்காங்க, ரெண்டும் ஒண்ணா?" எல்லாத்தையும் இந்த ஒரே இழையில வச்சிருவோம். மருந்து, இன்ஹேலர் சண்டையெல்லாம் இங்க வேண்டாம். கண்டுபிடிக்கிறதை மட்டும் பேசுவோம். மார்புநோய் பாக்குறவங்க, ஊதல் பரிசோதனை எடுக்கிறவங்க, மருந்துக்கடைக்காரங்க எல்லாரும் இந்தக் குழுவுல இருக்கீங்க. கதை வேண்டாம், விஷயத்தை எழுதுங்க.

நெஞ்சகம்

நல்ல வேலை. முதலில் ஒன்று: ஆஸ்துமாவுக்கு "ஆம்/இல்லை" என்று சொல்லிவிடும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, அறிகுறிகள் ஆஸ்துமாவின் போக்கில் இருக்க வேண்டும். இரண்டு, மூச்சுக்குழாய் சுருங்குவதும் விரிவதும் அளவில் தெரிய வேண்டும். நிலையாக ஒரே மாதிரி இருக்கும் மூச்சுத்திணறல் ஆஸ்துமாவின் குணம் அல்ல. ஏறி இறங்குவதுதான் அதன் குணம்.

போக்கு என்றால் என்ன? இழுப்பு, இருமல், நெஞ்சை இறுக்கிக் கட்டியது போன்ற உணர்வு, மூச்சுத்திணறல், இந்த நான்கில் ஒன்றுக்கு மேல் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல், விடிகாலையில் கூடும். சளிக்காய்ச்சல், ஓட்டம், விழுந்து விழுந்து சிரிப்பது, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, குளிர்ந்த காற்று, இவை கிளப்பிவிடும். நடுவில் சில வாரம் ஒன்றுமே இல்லாமலும் போகும். நம் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி: ஆடிக்காற்றில் வருகிறதா, தென்காசி குற்றாலத்துச் சாரல் நாளில் வருகிறதா, மார்கழிப் பனியிலா, பிசான அறுப்பில் களத்துத் தூசியிலா? "எப்பவும் இருக்கு" என்கிற பதிலைவிட "மாசி பங்குனியில மட்டும் படுத்துது" என்கிற பதில் நோயறிதலுக்கு நூறு மடங்கு உதவும்.

எதிர்த்திசையில் காட்டுபவையும் உண்டு. வேறெந்த அறிகுறியும் இல்லாமல் இருமல் மட்டும், தினமும் கப் கணக்கில் சளி, மூச்சு வாங்கும்போது விரல் நுனி மரத்துத் தலைசுற்றல், நெஞ்சு வலி, காற்றை உள்ளே இழுக்கும்போது மட்டும் தொண்டையில் சத்தம். இவை இருந்தால் ஆஸ்துமா என்று முத்திரை குத்தும் முன் வேறிடத்தில் தேட வேண்டும்.

மேலப்பாளையம்_மெடிக்கல்

டாக்டர் சொன்னதுல ஒண்ணைச் சேத்துக்கிடுதேன். எங்க பக்கம் சனங்க "வீசிங்"ன்னு சொல்லுற சத்தம் மூணு நாலு வகை. மூக்கடைச்சு கொர்ர்னு வாரது, நெஞ்சுல சளி கரகரன்னு உருளுறது, தொண்டையில உள்மூச்சுல வாரது, அப்புறம் நெசமான இழுப்பு. நெசமான இழுப்பு விசில் மாதிரி, பெரும்பாலும் மூச்சை வெளிய விடும்போது வரும். டாக்டர்கிட்ட போகும்போது அந்தச் சத்தம் இருக்காது, அதுதான் சிக்கல். ராத்திரி சத்தம் வாரப்ப போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கிடுங்க. சட்டையைக் கழட்டி, நெஞ்சும் வயிறும் தெரியுற மாதிரி, டிவி சத்தம் இல்லாம.

இன்னொண்ணு, கடைக்காரனா இருந்துக்கிட்டே சொல்லுதேன், கோவிச்சாலும் சரி. "மூச்சு முட்டுது, ஒரு செட் மாத்திரை குடுங்க"ன்னு கேட்டு வாங்குதாவள்லா, அந்தச் செட்டுல பெட்னசால் மாதிரி ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கிற டெரிஃபிலினும் இருக்க வாய்ப்பு ரொம்ப. மூணு நாள் அதைப் போட்டுட்டு டெஸ்ட்டுக்குப் போனா ஊதுறதும் நல்லா வரும், ரத்தத்துல ஈஸ்னோபில்ங்கிற வெள்ளணு எண்ணிக்கையும் எறங்கிரும். ஆதாரம் அழிஞ்சு போச்சு. என்ன மாத்திரை போட்டியோ அதோட அட்டையைக் கையோட கொண்டுபோங்க.

ஊதிப்பார்

ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில ஊதி மூச்சை அளக்குற டெஸ்ட், எடுக்கிறவன் நான். இதுல எங்க தப்பு நடக்குதுன்னு விரிவா எழுதுறேன், ஏன்னா மோசமா எடுத்த டெஸ்ட் எடுக்காததைவிடக் கெடுதல்.

ரெண்டு எண் முக்கியம். முழு மூச்சையும் ஊதி வெளியேத்துற மொத்த அளவு எஃப்.வி.சி. அதுல முதல் ஒரு வினாடியில வெளிய வர்றது எஃப்.இ.வி.1. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா விகிதம். நல்ல நுரையீரல்ல பெரியவங்களுக்கு இது 0.75-0.80க்கு மேல, சின்னப் பிள்ளைகளுக்கு 0.85க்கு மேல. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தா மொத்தக் காத்து அவ்வளவா குறையாது, ஆனா முதல் வினாடியில வர்றது குறையும், அதனால விகிதம் விழும்.

உக்காந்து, மூக்குல கிளிப் போட்டு, இதுக்கு மேல முடியாதுங்கிற வரைக்கும் காத்தை இழுத்து, உதட்டைக் குழாயைச் சுத்தி இறுக்கி, வெடிச்ச மாதிரி ஒரே மூச்சா ஊதணும். ஊத ஆரம்பிச்சதோட முடியல. பெரியவங்க குறைஞ்சது 6 வினாடி, காத்து தீர்ற வரைக்கும் விடாம ஊதணும். ஒழுங்கான ஊதல் குறைஞ்சது மூணு கிடைக்கணும், அதுல சிறந்த ரெண்டும் 150 மி.லி.க்குள்ள ஒத்து வரணும். எட்டு தடவைக்கு மேல ஊதவிட்டா ஆளு சோர்ந்துருவாங்க, அன்னைக்கு நிறுத்திக்கிடணும்.

பாதியில நிறுத்துறதுதான் ரொம்ப நடக்கிற தப்பு. அப்ப எஃப்.வி.சி. பொய்யாக் குறைஞ்சு, விகிதம் பொய்யா நார்மலாத் தெரியும். இருக்கிற ஆஸ்துமா மறைஞ்சு போகும். முதல் வினாடியில இருமுனா அந்த ஊதலைத் தள்ளிரணும். நாக்கு குழாயை அடைச்சிருந்தாலும் அப்படித்தான். பல்செட்டு கெட்டியா இருந்தா இருக்கட்டும், ஆடுச்சுன்னா கழட்டிரணும்.

அப்புறம்தான் முக்கியமான பாதி. சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் பஃப் நாலு, ஸ்பேசர் (இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குடுவை) வச்சு, ஒவ்வொண்ணா, நடுவுல அரை நிமிஷம் விட்டுக் குடுக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதணும். எஃப்.இ.வி.1 முன்னாடியைவிட 12% கூடணும், கூடவே 200 மி.லி.யும் கூடணும். ரெண்டும் சேர்ந்தாத்தான்.

கணக்குப் பாருங்க. 1.60 லிட்டர் 1.84 ஆச்சுன்னா 240 மி.லி., 15%. சரி, விரியுது. 1.00 லிட்டர் 1.13 ஆனா 13% வருது, ஆனா 130 மி.லி.தான், போதாது. 2.50 லிட்டர் 2.72 ஆனா 220 மி.லி. வருது, சதவீதம் 9 கூட இல்ல, போதாது. சின்னப் பிள்ளைகளுக்கு 200 மி.லி. கணக்கு கிடையாது, அவங்க வயசு உயரத்துக்கு இருக்க வேண்டிய அளவுல 12% கூடினாப் போதும்.

சில இடத்துல ரெண்டு பஃப் வெறும் வாயில அடிச்சு, அஞ்சு நிமிஷத்துல "வாங்க ஊதுங்க"ன்னு எடுக்கிறாங்க. அதுல மாற்றம் வரலைன்னு எழுதுறது மருந்து உள்ள போகாததைத்தான் காட்டுது.

தாழையூத்துக்காரன்

ஊதிப்பார் அண்ணாச்சி, டெஸ்ட்டுக்கு முன்னாடி இன்ஹேலரை நிறுத்தணுமா வேண்டாமா? ஒருத்தர் நிறுத்துன்னு சொல்லுதார், ஒருத்தர் நிறுத்தாதேன்னு சொல்லுதார்.

ஊதிப்பார்

டெஸ்ட் எதுக்குங்கிறதைப் பொறுத்தது. நோயை உறுதிப்படுத்தத்தான்னா, அஸ்தாலின் மாதிரி உடனடி இன்ஹேலர் 4 மணி நேரம், ஃபார்மோட்டெரால் கலந்த ரெண்டு வேளை இன்ஹேலர் 24 மணி நேரம், விலாண்டெரால் மாதிரி ஒரு வேளை இன்ஹேலர் 36 மணி நேரம் விடணும். நிறுத்தினா ராத்திரி தாங்காதுங்கிற நிலையில இருந்தா நிறுத்தக் கூடாது, அதே மருந்தோட எடுத்துட்டு "மருந்தில் இருக்கிறார்"னு ரிப்போர்ட்ல எழுதணும். நிறுத்துறதை டாக்டர்தான் சொல்லணும். அன்னைக்குக் காலையில காபி டீயும் வேண்டாம்.

மாரடைப்பு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, கண்புரை ஆபரேஷன் புதுசு, இருமலோட ரத்தம் வருது, நுரையீரலைச் சுத்திக் காத்து கசிஞ்சிருக்கு, இதுல எது இருந்தாலும் முதல்லயே சொல்லிருங்க. அன்னைக்கு ஊதக் கூடாது.

பொருநைக்கரை

சரி, ஸ்பைரோமெட்ரி நார்மல்னு வந்துட்டா? கதை முடிஞ்சுதா?

நெஞ்சகம்

முடியவில்லை. பலர் இடறி விழுவது இங்கேதான். நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் ஆஸ்துமாக்காரருக்கும் நார்மலாக வரும். மழை பெய்யாத நாளில் பார்த்துவிட்டுக் கூரை ஒழுகவில்லை என்று சொல்ல முடியுமா? அறிகுறி இருக்கும் நாளில் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது வீட்டிலேயே பீக் ஃப்ளோ (ஊதும்போது காற்று வெளியேறும் உச்ச வேகம்) அளந்து இரண்டு வாரம் குறிக்க வேண்டும். பெரிய மையங்களில் மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தாகோலின் கொடுத்துத் தூண்டிப் பார்ப்பதும், மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளப்பதும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு கூடியிருந்தால் ஒவ்வாமை வகை அழற்சிக்குத் துணை ஆதாரம், அவ்வளவே. குறைவாக இருப்பதால் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது.

எக்ஸ்ரே பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவில் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க அதை எடுப்பதில்லை, மற்றதை விலக்க எடுக்கிறோம்.

பாளை_செவிலி

பீக் ஃப்ளோ மீட்டர் பத்தி நான் எழுதுறேன். கிராமத்துல ஸ்பைரோமீட்டர் எட்டாத இடத்துல இதுதான் கைகொடுக்கும். பிளாஸ்டிக் குழாய், ஒரு முள், எண் அளவு, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளுங்க. நின்னுக்கிட்டு, மூச்சை முழுசா இழுத்து, உதட்டால இறுக்கிப் பிடிச்சு, மெழுகுவர்த்தியை ஒரே அடியில அணைக்கிற மாதிரி "ஃபூ"ன்னு வேகமா ஊதுங்க. இதுல நீளமா ஊத வேண்டாம், வேகம்தான் கணக்கு. விரல் முள் ஓடுற பாதையை மறைக்கக் கூடாது. கன்னத்தை உப்பித் துப்புற மாதிரி ஊதினா எண் பொய்யா ஏறும். மூணு தடவை ஊதி, கூடுதலா வந்ததை மட்டும் எழுதுங்க. சராசரி போடாதீங்க.

காலையில எழுந்ததும் மருந்துக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, 14 நாள். ஒரே மீட்டர். வேற கம்பெனி மீட்டர்ல மாத்தி ஊதினா எண் ஒத்துவராது.

அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகிட்ட இதைக் குடுத்துப் பிரயோசனம் இல்ல.

ஒரு நாலு நாள் தாள் இப்படி இருக்கும்:

முதல் நாள் காலை 290, மாலை 350
ரெண்டாம் நாள் காலை 300, மாலை 340
மூணாம் நாள் காலை 270, மாலை 350
நாலாம் நாள் காலை 330, மாலை 350

காலையில விழுந்து சாயங்காலம் ஏறுது பாத்தீங்களா, அதுதான் நாம தேடுறது. மூணாம் நாள் மட்டும் 25%க்கு மேல வித்தியாசம். 10% தாண்டினாலே ஆஸ்துமான்னு சொல்லுதாங்க.

ஊதிப்பார்

கடைசி வரியில ஒரு திருத்தம். 10% தாண்டணும்ங்கிறது ஒரு நாள் வித்தியாசம் இல்ல, எல்லா நாளோட சராசரி. ஒரு நாள் கணக்கு: கூடினதுல இருந்து குறைஞ்சதைக் கழிச்சு, ரெண்டோட சராசரியால வகுக்கணும். முதல் நாள் 60-ஐ 320-ஆல் வகுத்தா சுமார் 19%. அப்புறம் 12.5, 26, 6. நாலையும் கூட்டி நாலால வகுத்தா 16% சுமாருக்கு வருது. பெரியவங்களுக்கு 10%, பிள்ளைகளுக்கு 13%, அதுக்கு மேல போனா மாறுதல் இருக்குன்னு எடுத்துக்கிடலாம்.

இன்னொரு பொறி. முதல் ரெண்டு மூணு நாள் எண் தானா ஏறிக்கிட்டே போகும். அது நோய் மாறுறது இல்ல, ஊதப் பழகுறது. அந்த நாள்களைக் கணக்குல சேர்க்காதீங்க.

பாளை_செவிலி

சரிதான், நான் அவசரத்துல எழுதிட்டேன். சராசரிதான்.

முக்கூடல்காரி

பீடி சுத்துற பொம்பளையளுக்கு வாரது பத்தி யாரும் எழுதலையே? முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் இது வீட்டுக்கு வீடு இருக்குல்லா. புகையிலைத் தூள் மடியிலயே கிடக்கு. இது தொழிலால வாரதுதானான்னு எப்படிப் பாக்குறது?

நெஞ்சகம்

நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. முதல் விசாரணை இரண்டே கேள்வி: வேலை இல்லாத நாளில் குறைகிறதா? வெளியூர் போய் ஒரு வாரம் இருந்தால் குறைகிறதா? அரிசி ஆலை, கோழிப்பண்ணை, பெயின்ட் ஸ்ப்ரே, மரத்தூள், பேக்கரி மாவு, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். "ஆம்" என்றால் பீக் ஃப்ளோவைத் தினம் நான்கு தடவை, வேலை நாளும் வேலையில்லாத நாளுமாகச் சேர்த்து 4 வாரம் அளந்து, இரண்டையும் வேறு வேறு மையில் குறிக்க வேண்டும்.

பீடியில் சிக்கல் என்னவென்றால், தொழிற்சாலையும் வீடும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தொடாவிட்டாலும் தூள் அதே திண்ணையில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் சுற்றுகிறார்கள். அதனால் "லீவு நாள்" அளவு உண்மையான லீவு அளவாக இருக்காது. அம்மா வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ, அங்கே பீடி சுற்றாத வீடாக இருந்தால், பத்து நாள் போய் இருக்கும்போது அளந்த எண்தான் ஒப்பிட உதவும். வேலையை விடச் சொல்வது எளிது, விடுவது எளிதில்லை. அதனாலேயே தாள் இல்லாமல் "தொழில்தான் காரணம்" என்று வாயால் சொல்லிவிடக் கூடாது. அதே வீட்டில் விறகடுப்பும் இருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள்.

நாற்பது வயது தாண்டி, விறகுப் புகையிலோ பீடி குடித்தோ பல வருடம் கழித்தவருக்கு, மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 0.70க்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி.யை (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நினைக்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

களக்காட்டான்

ஈஸ்னோபீலியாவுக்கு யாராவது வாங்க. எங்க ஊர்ல இருமினாலே அந்தப் பேருதான்.

நெஞ்சகம்

ஈஸ்னோபில் என்பது ஒரு வெள்ளணு. அது கூடியிருக்கிறது என்பது நோயின் பெயர் ஆகாது. ஆஸ்துமாவில் மிதமாகக் கூடலாம். குடற்புழுவிலும் கூடும். ஆனால் ஒரு மைக்ரோலிட்டரில் 3000-க்கு மேல் போய், ராத்திரி இருமலும் இழுப்பும், சில மாதமாக உடல் மெலிவும் இருந்தால், யானைக்கால் புழு தொற்றால் வரும் வெப்பமண்டல நுரையீரல் ஈஸ்னோபீலியாவை நினைக்க வேண்டும். சத்தம் கேட்டால் ஆஸ்துமா மாதிரியே இருக்கும், எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியலாம். மருந்து வேறு: டைஎத்தில் கார்பமசின் மூன்று வாரம். ஆகவே வெறும் சதவீதத்தைப் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வாமைத் தோல் பரிசோதனையும் இப்படித்தான். எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும், ஆஸ்துமா இருக்கிறதா என்று சொல்லாது.

ஆஸ்துமா போல வேஷம் போடும் வேறு சிலவும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், இழுப்பு இருந்தாலும் சரி, முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான மூலக்கூறுப் பரிசோதனை இலவசம். அதன் முடிவு வரும் முன் ஸ்பைரோமெட்ரி வேண்டாம், அந்தக் குழாயில் அடுத்து ஊதப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வரலாம், அது ஆஸ்துமா அல்ல. வயதானவர் படுத்தால் மூச்சு வாங்கி, எழுந்து உட்கார்ந்தால் தேறி, காலும் வீங்கியிருந்தால் இதயத்தைப் பாருங்கள். புரோப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும் இருக்கிற ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். கண் சொட்டை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

மேலப்பாளையம்_மெடிக்கல்

டிமோலால் விஷயம் நூத்துக்கு நூறு. பாட்டிலைப் பையில போட்டுக் கொண்டுபோங்க.

சாரல்நாடு

பச்சப் பிள்ளைகளுக்கு எப்படி? அதுக ஊதாதே.

பாளை_செவிலி

அங்க அளவு கிடையாது, கவனிப்புதான். சளி பிடிச்சா மட்டும் இழுத்து, நடுவுல சுத்தமா நல்லா இருக்கிற பிள்ளைகள்ல பலருக்குப் பள்ளிக்கூட வயசுல தானா நின்னுரும். சளி இல்லாமலும் ஓடினா, சிரிச்சா, அழுதா இருமுதா, ராத்திரி இருமி எழுந்திரிக்குதா, தோல்ல கரப்பான் இருக்கா, அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டா, இது கூடக் கூடச் சந்தேகம் கூடும். டாக்டர் சில வாரம் இன்ஹேலர் குடுத்துப் பாத்து, நிறுத்திப் பாப்பாங்க. குடுத்தா தேறி, நிறுத்தினா திரும்புதுன்னா அது ஆதாரம். அதனால நிறுத்துற கட்டத்தை விட்டுராதீங்க, "நல்லாயிட்டு"ன்னு போகாம இருந்துராதீங்க.

ஒண்ணை மட்டும் ஆஸ்துமான்னு நினைச்சுக் காத்திருக்கக் கூடாது. நல்லா விளையாண்டுக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு புரையேறி இருமி, அதுக்கப்புறம் நெஞ்சுல ஒரு பக்கம் மட்டும் விசில் கேட்டா, கடலைப் பருப்போ புளியங்கொட்டையோ குழாயில போயிருக்கும். இருமல் அடங்கிட்டாலும் அது உள்ளதான் இருக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், பெரியவங்களோ பிள்ளையோ ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியல, விலா உள்வாங்குது, உதடு நீலம், இல்ல இழுப்புச் சத்தம் நின்னும் ஆளு சோர்ந்துக்கிட்டே போகுது, இதுல எதுவும் டெஸ்ட் பாக்குற நேரம் இல்ல. 108.

களக்காட்டான்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில பாத்துக்கிட்டா இதெல்லாம் வேண்டாம்லா?

நெஞ்சகம்

எங்கே வைத்தியம் பார்த்தாலும் முன்னும் பின்னும் ஊதி அளந்த எண்தான் சாட்சி. ஆடாதோடை குடிப்பதற்கு முன் ஒரு அளவு எடுத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தாழையூத்துக்காரன்

நெபுலைசர் கேள்வி அப்படியே நிக்குது. வச்சாங்க, சரியாயிட்டு. அது ஆதாரமா இல்லையா?

ஊதிப்பார்

எழுதி வச்சா ஆதாரம், எழுதலைன்னா இல்ல. ராத்திரி அவசரத்துல போறப்பதான் குழாய் நெசமா சுருங்கியிருக்கும், அந்த வாய்ப்பை விட்டுட்டு பத்து நாள் கழிச்சு நல்லா இருக்கும்போது என்கிட்ட வர்றாங்க. நெபுலைசர் வைக்கிறதுக்கு முன்னாடி ஆளு தாங்குற நிலையில இருந்தா பீக் ஃப்ளோ ஒரு தடவை ஊதச் சொல்லிக் கேளுங்க, வச்சு 15 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை. 220 இருந்து 290 ஆனா 30%க்கு மேல ஏறியிருக்கு. பீக் ஃப்ளோவுல 20% ஏறினாலே கணக்குல எடுத்துக்கிடுற ஆதாரம். மீட்டர் அங்க இல்லைன்னா, "ரெண்டு பக்கமும் வீஸ் இருந்தது, மருந்துக்குப் பின் குறைந்தது, என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு"ன்னு ஓ.பி. சீட்டுல டாக்டரை எழுதச் சொல்லுங்க. சீட்டை மடிச்சுச் சட்டைப்பையில வைக்காம, பீக் ஃப்ளோ தாளோட சேர்த்துப் பின் அடிச்சு வைங்க.

தாழையூத்துக்காரன்

சீட்டுல வெறும் "நெப் குடுத்தது"ன்னுதான் போட்டிருக்காங்க.

ஊதிப்பார்

அதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. அடுத்த தடவை மீட்டரை வீட்டுல இருந்தே கொண்டுபோங்க.